வானத்துச் சாட்சியும் நிலத்தடி நீரும்

அரபு மொழியில் 'ஷஹித' என்னும் வினைச்சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஓரிடத்தில் இருந்து கண்ணால் காண்பது ஒன்று. கண்டதை மன்றத்தில் எடுத்துரைப்பது மற்றொன்று. காண்பதற்கும் கூறுவதற்கும் அம்மொழி ஒரே சொல்லை வைத்திருப்பது சிந்திக்கத் தக்கது. நாம் வழங்கும் 'சாட்சி' என்னும் சொல்லும் கண்ணோடு தொடர்புடைய வடசொல்லிலிருந்து வந்ததே. கண்டவன் வாய் திறக்கக் கடமைப்பட்டவன் என்னும் எண்ணம் இவ்விரு மொழிகளின் சொற்களிலேயே பொதிந்து கிடக்கிறது.

கண்டது மனிதனாயின் இதில் ஐயமில்லை. மனிதன் செய்து வானில் ஏவிய ஒரு கருவி கண்டதாயின்? அதன் கூற்றை எவ்வளவு தூரம் ஏற்பது? அது காட்டும் தீங்குக்கு யாரைப் பொறுப்பாளி ஆக்குவது? 'அறியாமல் செய்தோம்' என்று இதுகாறும் சொல்லி வந்தவர்கள், அறிவிக்கப்பட்ட பிறகு எந்த நிலையில் நிற்கின்றனர்? நீரையும் பயிரையும் வானிலிருந்து அளக்கும் செயற்கைக்கோள்கள் இவ்வினாக்களை நம் முன் வைத்துள்ளன. இவை விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கிவிட இயலாதவை. ஆதலின் சற்று விரிவாக ஆராய்வோம்.

கருவி காணும் முறை

நிலத்தைப் படமெடுக்கும் நோக்கத்துடன் அமெரிக்கா அனுப்பிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 ஜூலை 23 அன்று ஏவப்பட்டது. அன்று தொடங்கிய வரிசை அரை நூற்றாண்டைக் கடந்தும் அறுபடாமல் நீடிக்கிறது. வானில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இவ்வகைக் கோள் ஒன்று, 16 நாட்களுக்கு ஒருமுறை அதே நிலத்தின் மேல் திரும்ப வருகிறது. அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு. ஒரு வயலை அது காணும். வயலில் நிற்கும் உழவரைக் காணாது.

பயிரை அது அறியும் விதம் எளிமையானது. பச்சை இலை தன் உணவைச் சமைத்துக்கொள்வதற்காகச் சூரிய ஒளியின் சிவப்புக் கதிரை உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரின் பெரும்பகுதியையோ திருப்பி அனுப்பிவிடுகிறது. திரும்பி வரும் இவ்விரு கதிர்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டால் பயிரின் செழிப்பும் வாட்டமும் எண்களாகக் கிடைக்கும். நீர்ப்பரப்போ அகச்சிவப்பைப் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால் படத்தில் கரிய நிறத்தில் தோன்றும். ஆகவே ஏரி எது, மணல் எது, பயிர் எது என்று பிரித்தறிவது கைகூடுகிறது.

இம்முறையில் 1984 முதல் 2015 வரை எடுக்கப்பட்ட 30 இலட்சம் படங்களை ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த 32 ஆண்டுகளில் ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர் நிலையான நீர்ப்பரப்பு உலகில் மறைந்துபோயிற்று என்று அது கண்டது. வேறிடங்களில் 1,84,000 சதுர கிலோமீட்டர் புதிய நீர்ப்பரப்பு தோன்றியிருந்தது. அதில் பெரும்பகுதி மனிதர் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்கள். மறைந்த நீரின் பெரும்பங்கு மத்திய கிழக்கையும் மத்திய ஆசியாவையும் சேர்ந்தது.

ஆனால் இவையெல்லாம் மேற்பரப்பின் செய்திகள். மண்ணுக்கடியில் கிடக்கும் நீரைப் படம் எடுக்க முடியாது. அதற்கு வேறொரு வழி கண்டனர். 2002 மார்ச்சு 17 அன்று அமெரிக்காவும் ஜெர்மனியும் இணைந்து 'கிரேஸ்' எனப்பட்ட இரட்டைக் கோள்களை அனுப்பின. ஒன்றின் பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் அவை சென்றன. நிலத்தில் எடை மிகுந்த பகுதி வரும்போது அதன் ஈர்ப்பு முன் செல்லும் கோளைச் சற்றே விரைவாக இழுக்கும், இடைவெளி மாறும். ஒரு தலைமுடியின் பருமனைவிடவும் சிறிய அம்மாற்றத்தையும் அவை அளந்தன. நிலத்தடி நீர் குறைந்தால் நிலத்தின் எடை குறையும். எடை குறைந்தால் ஈர்ப்பு குறையும். மண்ணின் ஈரம், பனி, ஏரி நீர் ஆகியவற்றின் கணக்கைக் கழித்தால் மறைந்து கிடக்கும் நீரின் ஏற்றத்தாழ்வு வெளிப்படும். 2017-இல் அவற்றின் பணி முடிந்தது. 2018 மே மாதத்தில் அவற்றின் வழித்தோன்றல்கள் ஏவப்பட்டன.

வானத்திலிருந்து பூமியை நிறுக்கும் ஒரு துலாக்கோல் இது எனலாம். சூரா ரஹ்மானில் வானம் உயர்த்தப்பட்டதும் மீஸான் வைக்கப்பட்டதும் அடுத்தடுத்துக் கூறப்படுவதை ஓதியவர்கள் நாம். இக்கருவியை அவ்வசனத்தின் விளக்கம் என்று சொல்லத் துணிவது முறையன்று. வேதத்தை ஒவ்வொரு புதுக் கருவியோடும் பொருத்திப் பார்ப்பது நமக்கு உடன்பாடான வழக்கமும் அன்று. எனினும் நிறுவையில் குறை செய்யாதிருத்தல் என்னும் கட்டளை தானியத்துக்கும் துணிக்கும் மட்டும் உரியதா என்று வினவ நமக்கு உரிமையுண்டு.

பாலையில் தோன்றிய பச்சை வட்டங்கள்

சஊதி அரேபியாவின் வடமேற்கில் 'வாதி சிர்ஹான்' என்னும் நீண்ட பள்ளத்தாக்கு உள்ளது. 1980-களின் பிற்பகுதி தொடங்கி அவ்விடத்தின் லேண்ட்சாட் படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவர் வியப்படைவர். முதற்படத்தில் மணல் நிறத்தின் நடுவே சிற்சில பச்சைப் புள்ளிகள். பின்வந்த படங்களில் நூற்றுக்கணக்கான பச்சை வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் குறுக்களவு கொண்ட வயல். நடுவில் ஆழ்குழாய்க் கிணறு. அதைச் சுற்றிச் சுழன்று நீர் தூவும் நீண்ட குழாய். அதனால்தான் அந்த வட்ட வடிவம்.

பாலை பசுமையானது. அந்நாடு 1980-களில் தன் கோதுமைத் தேவையைத் தானே நிறைவு செய்துகொண்டதோடு வெளிநாடுகளுக்கும் அனுப்பியது. 1990-களின் தொடக்கத்தில் ஆண்டு விளைச்சல் 40 இலட்சம் டன் அளவை எட்டியது. பிறர் கையை எதிர்பாராமல் உண்ண வேண்டும் என்னும் எண்ணம் எந்த நாட்டுக்கும் இயல்பானது. அதைக் குறை கூறுவது நம் நோக்கம் அன்று.

ஆனால் அந்நீர் எங்கிருந்து வந்தது? அங்கே ஆண்டுக்கு 100 முதல் 200 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அது நிலத்தடியை நிரப்பப் போதாது. கிணறுகள் சில ஒரு கிலோமீட்டர் ஆழம் வரை சென்றன. அவை தொட்ட நீர், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழிக் காலத்தில் பெய்த மழை. அன்று புதைந்து, இன்று எடுக்கப்பட்டு, மீண்டும் நிறையாதது. ஒரு முறை எடுத்தால் தீர்ந்துபோகும் பொருளை ஆண்டுதோறும் விளையும் பொருளைப்போல் செலவிட்டனர். அரசே இதனை உணர்ந்து, கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாக நிறுத்த 2008-இல் முடிவு செய்தது. 2016-இல் அது நின்றது. பின்னர் ஒரு வரம்புக்குட்பட்டே மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

இங்கேதான் நம் முதல் படிப்பினை. படத்தில் பசுமை தோன்றினால் மனம் மகிழ்கிறது. வறட்சி தோன்றினால் வருந்துகிறது. கண்ணின் இந்த இயல்பு எப்போதும் நீதியைச் சொல்வதில்லை. வாதி சிர்ஹானில் ஒவ்வொரு பச்சை வட்டமும் ஒரு வரவைக் காட்டியது. அதே நேரத்தில் எவர் கண்ணிலும் படாத ஒரு செலவையும் மூடி மறைத்தது.

இரண்டு சாட்சிகள்

வழக்குகளில் ஒரு சாட்சி போதாமல் இரு சாட்சிகள் வேண்டப்படுவது ஏன் என்பதை நம் நாட்டு உதாரணம் ஒன்றால் விளக்கலாம்.

2000 முதல் 2017 வரை உலகின் இலைப் பரப்பு ஐந்து விழுக்காடு கூடியது என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. அக்கூடுதலில் மூன்றில் ஒரு பங்கு சீனாவையும் இந்தியாவையும் சேர்ந்தது. இந்தியாவின் பங்கில் 82 விழுக்காடு காடுகளால் அன்று, விளைநிலங்களால் வந்தது. இதனை மட்டும் படித்தவர் நாம் பெருஞ்செல்வர் ஆகிவிட்டோம் என்றே எண்ணுவர்.

இரண்டாம் சாட்சி வேறொன்று சொல்கிறது. இராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லி ஆகிய பகுதிகளில் 2002 ஆகஸ்டு முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் இழக்கப்பட்டது என்று கிரேஸ் கோள்களின் அளவைக்கொண்டு 2009-இல் கணக்கிட்டனர். நம் மேட்டூர் அணை நிரம்பினால் கொள்ளும் நீர் 93.47 டி.எம்.சி. அதைப்போன்ற நாற்பது அணைகளுக்கும் மேற்பட்ட நீர் ஆறே ஆண்டுகளில் மண்ணுக்கடியிலிருந்து போய்விட்டது. அவ்வாண்டுகளில் மழை பொய்க்கவுமில்லை. வழக்கத்தை ஒட்டியே பெய்தது. ஆதலின் வானத்தின்மீது பழி போட வழியில்லை.

முதற்சாட்சி பொய் கூறவில்லை. அது பசுமையைக் கண்டது. இரண்டாம் சாட்சியும் பொய் கூறவில்லை. அது எடை குறைந்ததைக் கண்டது. இரண்டையும் ஒருங்கே கேட்டவருக்கே வழக்கு விளங்கும்.

ஹதீஸ் கலை பயின்றோர் அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் நினைவாற்றல் எத்தகையது, நேர்மை எத்தகையது என்று ஆராய்ந்து எடைபோட்ட வரலாறு நமக்குத் தெரியும். வானத்துச் செய்திக்கும் அத்தகைய சங்கிலி ஒன்று உண்டு. கருவி, அதைத் திருத்தி அமைத்தவர், மேகத்தை நீக்கிய கணக்கு, முடிவை எழுதியவர் என்று அது நீளும். அதில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் செய்தி தளரும். 'செயற்கைக்கோள் சொல்லிற்று' என்ற ஒரே காரணத்தால் தலையாட்டுவதும், 'இயந்திரம் அறியுமா' என்று புறந்தள்ளுவதும் கல்வியாளருக்கு அழகல்ல.

துருவி அறிதல் ஆகாதா?

'பிறர் குறைகளைத் துருவி ஆராய்வது தடுக்கப்பட்டதல்லவா? அனுமதியின்றி ஒருவர் நிலத்தை மேலிருந்து நோக்குவது தஜஸ்ஸுஸ் ஆகாதா?' எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் இவ்வினாவை எழுப்பினார். நல்ல வினா.

நாடுகளும் இதே ஐயத்தை எழுப்பியதுண்டு. 1986 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இதற்கென நெறிகளை வகுத்தது. நோக்கப்படும் நாட்டின் முன் அனுமதியை அவை கட்டாயமாக்கவில்லை. ஆனால் நோக்கிப் பெற்ற செய்தியை அந்நாடும் பாகுபாடின்றி, நியாயமான விலையில் பெறும் வழியை வற்புறுத்தின. ஒருவரைப் பற்றி அறிந்ததை அவருக்கே மறைத்தல் கூடாது என்பது அதன் உட்கருத்து.

நமக்குத் தோன்றும் விடை இது. மறைவை நாடும் உரிமை மனிதரின் இல்லத்துக்கும் அவர்தம் தனி வாழ்வுக்கும் உரியது. பலருக்குப் பொதுவான பொருளில் ஒருவர் கை வைக்கும்போது அச்செயல் அவருடைய அந்தரங்கம் ஆகாது. மேய்ச்சல் புல்லிலும் நீரிலும் நெருப்பிலும் மக்கள் பங்காளிகள் என்னும் நபிமொழிக் கருத்தை நாம் அறிவோம். பங்காளி கணக்குக் கேட்பது துருவுதல் ஆகாது. திஜ்லா, ஃபுராத் நதிகளின் நிலப்பரப்பில் 2003 முதல் 2009 வரை 144 கன கிலோமீட்டர் நன்னீர் குறைந்தது வானிலிருந்தே கணக்கிடப்பட்டது. அந்நாடுகள் ஒன்றுக்கொன்று நீர்க்கணக்கைத் தாராளமாகக் காட்டிக்கொள்பவை அல்ல.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இதே கண் ஏழை உழவரின் விளைச்சலை முன்கூட்டியே அறிந்து, அவருக்குத் தெரியாமல் விலை பேசும் வணிகருக்குத் துணை போகுமானால் அது சாட்சியம் என்னும் நிலையிலிருந்து வேவாக இழிந்துவிடும். லேண்ட்சாட் படம் ஒன்றின் விலை 600 டாலராக இருந்த காலமும் உண்டு; 2008-இல்தான் அவை யாவர்க்கும் இலவசமாக்கப்பட்டன. அதன் பின்னரே எளிய நாடுகளின் ஆய்வாளர்களும் தம் ஏரிகளின் கடந்தகாலத்தைத் தாமே பார்க்க முடிந்தது. சாட்சியத்தை மறைப்பது குற்றமாயின், அதை எட்டாத விலைக்கு விற்பதும் அக்குற்றத்தின் அயலில் நிற்பதே.

கிணற்றின் எல்லை எதுவரை?

இனி, பொறுப்பு யாருக்கு என்னும் மையக் கேள்விக்கு வருவோம்.

ஃபிக்ஹு நூல்களில் கிணற்றின் 'ஹரீம்' பற்றிய பகுதி உண்டு. தரிசு நிலத்தில் ஒருவர் கிணறு தோண்டினால், அதைச் சுற்றி ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் மற்றவர் தோண்டலாகாது. கால்நடைகளுக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு நாற்பது முழம் என்பது ஹனஃபி நூல்கள் கூறும் அளவு. ஷாஃபிஈ நூல்கள் தேவையையும் வழக்கத்தையும் நோக்குகின்றன. புதிய கிணறு பழைய கிணற்றின் நீரை இழுத்துக்கொள்ளாதிருக்க வேண்டும் என்பது இதன் காரணங்களுள் ஒன்று. மண்ணுக்கடியில் நீர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகரும் என்பதை அவ்வறிஞர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

எல்லைக்கு வெளியே ஒருவர் தோண்டி, அதனால் முதற்கிணறு வற்றினால்? ஈடு செய்ய வேண்டியதில்லை என்பது ஹனஃபி நூல்களில் காணும் தீர்ப்பு. தோண்டியவர் வரம்பு மீறவில்லை என்பது காரணம். கயிறும் வாளியும், மிஞ்சினால் ஓர் ஒட்டகமும் நீர் இறைத்த காலத்தில் இது நீதியான தீர்ப்பே. ஒருவர் எவ்வளவு முயன்றாலும் அயலாரின் நீரை அந்த எல்லைக்கு அப்பாலிருந்து பெருமளவு இழுத்துவிட முடியாது.

இன்றோ ஒரு கிலோமீட்டர் ஆழத்துக் கிணறும் இரவுபகல் ஓயாத மோட்டாரும் உள்ளன. ஒரு மாவட்டத்தின் இறைப்பு அடுத்த மாவட்டத்தின் நீர்மட்டத்தை இறக்கும். நாற்பது முழம் என்னும் எண்ணை மட்டும் காத்து, அந்த எண் காக்க வந்த நோக்கத்தைக் கைவிடலாமா? இது குறித்துச் சட்ட முடிவு கூறுவது முஃப்திகளின் பணி. அதில் நாம் புகவில்லை. ஆனால் அறநோக்கில் ஒன்று தெளிவு. தீங்கு செய்யலாகாது என்னும் அடிப்படை விதி, தீங்கு எதுவரை செல்கிறது என்னும் அறிவைச் சார்ந்தே செயற்படும். அந்த அறிவு நாற்பது முழம் இருந்தபோது பொறுப்பும் நாற்பது முழம். அறிவு ஒரு மாநிலத்தின் அளவு விரிந்துவிட்ட பின்னர் பொறுப்பு மட்டும் பழைய இடத்தில் நிற்க முடியாது.

அப்படியாயின் பஞ்சாபில் நெல் பயிரிடும் உழவர் குற்றவாளியா? அவசரப்பட்டு அப்படிச் சொல்வது அநீதி. அவரை நெல் நடச் சொன்னது நாட்டின் பசி. மின்சாரத்தை இலவசமாகக் கொடுத்தது அரசு. விளைந்ததை வாங்கியதும் அரசு. மத்தியத் தொகுப்புக்குச் சென்ற அந்நெல்லை அரிசியாக உண்டது நாடெங்குமுள்ள குடும்பங்கள். கிரேஸ் கோளின் பார்வை மிக அகன்றது; பல நூறு கிலோமீட்டர் பரப்பைத்தான் அது ஒன்றாக நிறுக்கும்; தனிக்கிணறு எதையும் அது அறியாது. இதைக் கருவியின் குறை என்பர். நமக்கோ அதன் சாட்சியத்தின் இயல்பே இதுதான் என்று தோன்றுகிறது. தனி மனிதரைச் சுட்டாமல் ஒரு சமுதாயத்தை முழுமையாகச் சுட்டும் சாட்சி அது. ஃபர்ளு கிஃபாயா என்னும் கூட்டுக் கடமையை நாம் அறிவோம். சிலர் நிறைவேற்றினால் அனைவர்க்கும் விடுதலை, எவரும் நிறைவேற்றாவிடின் அனைவர்மீதும் குற்றம். நீரைக் காத்தல் அவ்வகையில் வைத்து எண்ணத்தக்கது.

அக்கடமையை ஆற்ற முற்படுவோரும் எச்சரிக்கையுடன் செயற்பட வேண்டும். கோடை வெப்பத்தில் நீர் வீணாகாதிருக்க, நெல் நடவைத் தாமதப்படுத்தும் சட்டம் ஒன்றைப் பஞ்சாப் 2009-இல் இயற்றியது. நீர் சிறிது மிஞ்சியது. ஆனால் அறுவடையும் தாமதமாயிற்று; அடுத்துக் கோதுமை விதைக்கக் கிடைத்த நாட்கள் குறைந்தன; வைக்கோலைக் கொளுத்தும் காலம் அக்டோபர் முடிவுக்கும் நவம்பருக்கும் தள்ளிப்போயிற்று. காற்று அசையாத அந்நாட்களில் புகை டெல்லி வரை சென்று குழந்தைகளின் மூச்சை அடைத்தது. அத்தீக்களையும் செயற்கைக்கோள்களே எண்ணிக் காட்டின. ஒரு தீங்கை விலக்கும் வழி மற்றொரு தீங்கைக் கொணராதிருக்க வேண்டும் என்னும் நம் சட்ட அறிஞர்களின் விதி இங்கே எவ்வளவு பொருத்தமாக உள்ளது!

மூன்றாம் சாட்சி

2019 கோடையில் சென்னையின் புழல் ஏரி வற்றிக் கிடந்த காட்சி, முந்தைய ஆண்டின் நீர் நிறைந்த காட்சியோடு சேர்த்து உலகெங்கும் வெளியானது. வானிலிருந்து எடுத்த அவ்விரு படங்களையும் கண்டு பலர் திடுக்கிட்டனர். ஆனால் அந்நகரின் தெருக்களில் குடங்களுடன் வரிசையில் நின்ற பெண்களுக்கு அச்செய்தி புதியதன்று. அவர்கள் அதைப் பல வாரங்களுக்கு முன்பே தம் தோள் வலியால் அறிந்திருந்தனர். அவர்களின் சொல்லுக்குக் கிடைக்காத செவி, ஒரு படத்துக்குக் கிடைத்தது.

இது நம்மை நாணச் செய்ய வேண்டும். தாகித்தவரின் கூற்றே முதற்சாட்சியம். மேலேயுள்ள கருவி அதற்கு வலுவூட்டலாம். அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது. விஞ்ஞானிகளும் இதனை ஒப்புவர். நிலத்தில் ஒருவர் கயிறு விட்டுக் கிணற்றின் ஆழத்தை அளந்து எழுதி வைத்திருந்தால்தான் வானத்துக் கணக்குச் சரியா என்று அவர்களால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கயிறு பிடித்த அந்த மனிதரே மூன்றாம் சாட்சி.

அச்சாட்சியாவது நம் கைக்கெட்டாத காரியம் அன்று. நம் ஊர்களில் பள்ளிவாசல் இல்லாத மஹல்லா இல்லை. பள்ளிவாசல்தோறும் ஹவ்ளுக்கோ குழாய்க்கோ நீர் தரும் ஒரு கிணறு உண்டு. ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை விரயமாக்கலாகாது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஜமாஅத்தின் வரவு செலவு ஏட்டில், மாதந்தோறும் அக்கிணற்றின் நீர்மட்டம் எத்தனை அடி என்று ஒரு வரி எழுதி வைத்தால் என்ன? மதரஸாவின் மூத்த மாணவர் இருவர், கல் கட்டிய கயிறு ஒன்று, எழுதுகோல் ஒன்று, இவ்வளவே செலவு. பத்து ஆண்டுகள் சென்றபின் அவ்வேட்டைப் புரட்டுபவர், தம் தெருவில் எத்தனை ஆழ்குழாய்கள் இறங்கின, நீர் எவ்வளவு இறங்கியது என்பதைத் தம் கையெழுத்திலேயே காண்பர். அப்போது 'எங்களுக்கு யாரும் சொல்லவில்லை' என்று எவரும் கூற இயலாது.

இரவில் உறங்குமுன் தபாரக் சூராவை ஓதும் வழக்கம் நம் இல்லங்களில் பலருக்கு உண்டு. நிலத்தினுள் வற்றிப்போகும் நீரைப் பற்றிய ஒரு வினாவோடு அச்சூரா நிறைவுறுகிறது. ஓதி முடித்து விளக்கை அணைக்கும் முன், அந்த வினாவின் பொருளை ஒரு முறை பிள்ளைகளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்வோம். வீட்டுக் கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அவர்கள் மறுநாள் காலை நம்மைக் கேட்கட்டும்.